மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள்

தொலைநிலைக் கல்வியும் திறந்தநிலைக் கல்வியும் நடத்தும் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், பதிவாளர்கள், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்கள், பாடத்திட்டக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

ஐம்பது வயதை நெருங்கும்போது தபால் வழியில் பட்டப்படிப்பில் சேர்ந்து, வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே படித்து, வரலாற்றில் இளங்கலைப் பட்டம் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. பட்டம் கைக்கு வந்த பிறகும் அந்தப் படிப்போடு எனக்கிருந்த உறவு விடவில்லை. என்னைப் பார்த்துச் சேர்ந்தவர்கள், சேரலாமா என்று கேட்க வருகிறவர்கள், பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கத் தயங்குகிறவர்கள் எனப் பலரோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பேச்சுகளிலிருந்து திரண்ட ஒரு கோரிக்கைதான் இந்த மடல். நாங்கள் எழுதி அனுப்பும் அசைன்மென்ட்டை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும். படித்தார் என்பது தெரியும்படி மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் நான்கு வரி எழுத வேண்டும். அப்படி எழுதுவதற்கான நேரத்தையும் ஊதியத்தையும் அவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டும்.

சேர்க்கைக் கட்டணம், தேர்வு மையம், பாடநூல் தாமதம், இணையதளக் கோளாறு என்று உங்களுக்கு வரும் மனுக்கள் ஆயிரம் இருக்கும். அவை எல்லாம் வேண்டியவைதான். ஆனாலும், படிப்பை விட்டுவிட்டவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தால், முதலில் வேலை, குடும்பம், உடம்பு என்று காரணம் சொல்வார்கள்; இன்னும் கொஞ்ச நேரம் கூட இருந்தால், "நான் எழுதுறது சரியா தப்பான்னே தெரியலைங்க" என்பார்கள். இந்த இரண்டாவது பதில் உங்கள் புள்ளிவிவரப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வராது. விலகல் காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்றுதான் அவர்களும் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

வயது கடந்து படிக்க வருகிறவரின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் கடைசியாகத் தேர்வு எழுதிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். தம்பி தங்கைகள் படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்தியவராக இருக்கலாம். பதவி உயர்வுப் பட்டியலில் பட்டம் இல்லாத காரணத்தால் பெயர் விட்டுப்போனவராக இருக்கலாம். எந்த லாபமும் எதிர்பாராமல், படிக்காமல் விட்ட ஒன்றைப் படித்துவிட வேண்டும் என்று வந்தவராகவும் இருக்கலாம். அப்படி வருகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கூச்சம் உண்டு. வீட்டில் உள்ளவர்களுக்குக்கூடத் தெரியாமல் விண்ணப்பம் போட்டவர்கள் எனக்குத் தெரியும். தேர்வில் தோற்றுவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாமே என்பதுதான் அதற்குக் காரணம்.

நாள்தோறும் கல்லூரிக்குப் போகும் இளைஞனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிய நூறு வழிகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவன் எழுதியதை எட்டிப் பார்க்கலாம். வகுப்பில் சொன்ன பதிலுக்கு ஆசிரியரின் முகம் மலர்ந்ததா சுருங்கியதா என்று பார்க்கலாம். வராந்தாவில் நடக்கும் வாக்குவாதத்தில், தான் படித்தது நிற்கிறதா சரிகிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். எல்லோரும் தூங்கிய பிறகு மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இதில் எதுவுமே கிடையாது. தான் எழுதிய பதில் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்கிறதா, பள்ளிக்கூடக் கட்டுரையாக இருக்கிறதா என்று அவருக்குச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்தத் தாளைத் திருத்துகிறவர்.

அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. கணக்குப் போட்டதே நீங்கள்தான். படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகுக்குக் கிரெடிட் என்று பெயர். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம். ஆனர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட், அதாவது 3,600 மணி நேரம். வேலைக்குப் போகிறவர் அந்த மணி நேரங்களைத் தூக்கத்திலிருந்தும் விடுமுறை நாட்களிலிருந்தும்தான் எடுக்கிறார்; குழந்தையோடு இருக்க வேண்டிய பொழுதிலிருந்தும் கொஞ்சம் எடுக்கிறார். அப்படிச் சேர்த்த நேரத்தில் எழுதிய பன்னிரண்டு பக்கம், முதல் பக்கத்தின் மேல்மூலையில் ஒரு எண்ணை மட்டும் சுமந்துகொண்டு திரும்பி வருகிறது. பல இடங்களில் தாளே திரும்பி வருவதில்லை. இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டால் எண் மட்டும் தெரியும்.

பத்துக்கு ஆறு. மீதி நான்கு எங்கே போனது என்று யாரிடம் கேட்பது?

இந்தக் கல்விமுறையின் வரலாற்றை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும், அதில் ஒரு விஷயம் போதிய அளவு பேசப்படுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தது. தன் பெயரால் வழங்கும் சுருக்கெழுத்து முறையை உருவாக்கிய ஐசக் பிட்மன் அதைப் பயன்படுத்திக்கொண்டு, பாடத்தை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார். படித்தவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அவருக்கு அனுப்ப, அவர் திருத்தித் திருப்பி அனுப்பினார். பாடத்தை அனுப்பியதில் அப்படி ஒரு புதுமையும் இல்லை. புத்தகம் அதற்கு முன்பே ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்தது. எழுதியது திருத்தப்பட்டுத் திரும்பி வந்ததுதான் புதுமை. எழுதி அனுப்புகிறவர்கள் பெருகியபோது, 1843இல் அந்தத் திருத்தும் வேலையை ஏற்றுக்கொள்ளவே ஒரு கழகம் அமைந்தது. ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள், இனி மதிப்பெண் மட்டும் போட்டு அனுப்புவோம் என்று அவர்கள் முடிவெடுக்கவில்லை.

இன்னொரு வழியும் அதே நாட்டில் தொடங்கியது. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளில் படிக்காதவர்களும் அதன் தேர்வை எழுதிப் பட்டம் பெறலாம் என்று வழி திறந்தது. பெண்களுக்கு அது பட்டம் கொடுக்க முன்வந்தது 1878இல். எத்தனையோ பேருக்கு வாழ்க்கை தந்த ஏற்பாடு அது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பல்கலைக்கழகத்தின் வேலை தேர்வு நடத்துவது. எங்கே, எப்படிப் படித்துவிட்டு வருகிறாய் என்பது மாணவரின் பாடு. யூனிசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமும் 1873இல் தேர்வு நடத்தும் அமைப்பாகத்தான் பிறந்தது. 1946இல்தான் அது தானே தபால் வழியில் கற்பிக்க இறங்கியது.

இன்றைக்குத் திறந்தநிலை என்று பெயர் வைத்திருக்கும் பல நிறுவனங்கள், பிட்மனின் வழியில் நடப்பதாக விளக்கக் கையேட்டில் எழுதிவிட்டு, நடைமுறையில் 1858ஆம் ஆண்டு வழியில்தான் நடக்கின்றன. கூடுதலாகக் கிடைப்பது அச்சடித்த பாடத்தொகுப்பும், ஆண்டுக்குச் சில கான்டாக்ட் கிளாஸும், அதாவது நேரில் நடக்கும் வகுப்புகளும். எவ்வளவு பெரிய கட்டடம், எத்தனை கல்வி மையம், எத்தனை லட்சம் மாணவர் என்று சொல்லும்போது, எத்தனை தாள்களில் கருத்து எழுதப்பட்டது என்பதையும் ஒரு தடவையாவது எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதைப் பார்த்துத்தான் உலகில் பாதி நாடுகள் இந்த முறையைத் தொடங்கின. ஆனால், பார்த்ததில் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. 1963இல், பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான ஹரால்ட் வில்சன் கிளாஸ்கோவில் பேசியபோது அதை 'வான்வழிப் பல்கலைக்கழகம்' என்றார். 1969இல் அரச சாசனம் கிடைத்தது, 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். வெளியே எல்லோருடைய கண்ணிலும் பட்டது பிபிசியில் அகாலத்தில் வந்த பாட ஒளிபரப்புதான். அது புதுமை, அது செய்தி. ஆனால் படித்தவர்களைத் தாங்கிப் பிடித்தது பகுதிநேர ஆசிரியர்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் சிறு எண்ணிக்கையில் மாணவர்கள் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்த மாணவர்களின் அசைன்மென்ட்டைப் படித்து, கருத்து எழுதி அனுப்புவது அவர்கள் பணி. 2006 டிசம்பரில் பாட ஒளிபரப்பு முற்றிலும் நின்றது. படிப்பு நிற்கவில்லை. தொலைக்காட்சி போய் வட்டு வந்தது, வட்டு போய் இணையம் வந்தது. திருத்துகிற ஆசிரியர் மட்டும் இன்றுவரை இருக்கிறார். எது அலங்காரம், எது அஸ்திவாரம் என்று இதற்கு மேல் தெளிவாக ஒரு வரலாறு சொல்லிவிட முடியுமா?

நாமோ தொலைக்காட்சியை எடுத்துக்கொண்டோம். பிறகு காணொளி. பிறகு செயலி. ஒவ்வொரு முறையும் புதிய கருவிக்குப் பணம் ஒதுக்கினோம். திருத்துகிறவருக்கு ஒரு தாளுக்கு இவ்வளவு என்று பழைய தொகையையே கொடுத்துக்கொண்டிருந்தோம். 2012ஐ ஒட்டி இணையத்தில் பெரும் பல்கலைக்கழகங்களின் இலவசப் படிப்புகள் திறந்துவிடப்பட்டபோதும் உலகம் இதைப் பார்த்தது. உலகின் மிகச் சிறந்த பேராசிரியர்களின் உரைகள் செலவில்லாமல் கிடைத்தன. சேர்ந்தவர்கள் லட்சக்கணக்கில், முடித்தவர்கள் பல படிப்புகளில் பத்தில் ஒருவர்கூட இல்லை. நல்ல உரை கிடைக்காமல் விட்டுப்போனவர்கள் அல்ல அவர்கள்.

மைக்கேல் மூர் என்ற கல்வியியலாளர் இதைப் பற்றி நுட்பமாகச் சிந்தித்தவர். கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் நடுவே உள்ள தொலைவை மைல் கணக்கில் அளக்க முடியாது, அவர்களுக்குள் எவ்வளவு உரையாடல் நடக்கிறது என்பதைப் பொறுத்தே அது கூடும் குறையும் என்பது அவர் கொள்கையின் சாரம். ஒரே அறையில் நூறு பேரோடு உட்கார்ந்திருப்பவரும் வெகு தொலைவில் இருக்கலாம். கடல் தாண்டி இருப்பவர், தன் தாளின் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய ஒரு கேள்வியால் பக்கத்தில் வந்துவிடலாம். இதை நான் கொள்கையாகப் படிப்பதற்கு முன்பே அனுபவித்திருக்கிறேன்.

பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களைப் பற்றி எழுதிய ஒரு அசைன்மென்ட் அது. அரசின் கடன், மூன்று வகுப்பாரின் ஏற்றத்தாழ்வு, வரிச்சுமை, சிந்தனையாளர்களின் தாக்கம் என்று பாடநூலில் இருந்ததை ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுதியிருந்தேன். திருத்தியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் ஓரத்தில் எழுதியிருந்தார்: காரணங்கள் எல்லாம் சரி, ஆனால் இவை இருபது ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தவைதானே, 1789இல் ஏன் வெடித்தது? 1788இல் விளைச்சல் பொய்த்ததையும் கடனில் மூழ்கிய அரசு பிரதிநிதிகள் சபையைக் கூட்ட வேண்டி வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவ்வளவுதான் எழுதியிருந்தார். காரணம் வேறு, தருணம் வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வரலாறு படிப்பது என்றால் நினைவில் வைத்துக்கொள்வது என்று பள்ளியிலிருந்து சுமந்து வந்த எண்ணம் அந்த இரவில் உடைந்தது. அதன் பிறகு படித்த எல்லாப் பாடத்தையும் "ஏன் அப்போது?" என்ற கேள்வியோடுதான் படித்தேன். மூன்று நிமிடத்தில் எழுதியிருப்பார். என் பட்டத்தில் பாதி அந்த மூன்று நிமிடத்தில் கிடைத்தது என்று சொன்னால் மிகை இல்லை. கூடவே, யாரோ ஒருவர் என் பக்கங்களைக் கடைசிவரை படித்திருக்கிறார் என்பது தெரிந்தது. அடுத்த அசைன்மென்ட்டை நான் எழுதியது அவருக்காக.

இனி, நீங்கள் பேசத் தயங்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அசைன்மென்ட்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. விடை எழுதிய தாள்களை அச்சடித்து விற்கிறார்கள். கையெழுத்தில் எழுதித் தரவும் ஆள் உண்டு. இணையத்தில் ஆண்டுவாரியாகக் கோப்புகள் கிடக்கின்றன. இது உங்களுக்குத் தெரியும். மாணவர்களின் நேர்மைக் குறைவு என்று சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புகிறீர்கள். நேர்மைக் குறைவு இல்லை என்று நான் வாதாடப்போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி. ஒரே விடையை ஐம்பது பேர் எழுத்து மாறாமல் எழுதி அனுப்பி, ஐம்பது பேருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வந்தால், அந்த ஐம்பது பேரும் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்கள்? இந்தத் தாளை யாரும் படிப்பதில்லை என்பதைத்தான். தானாக உட்கார்ந்து எழுதி ஆறு மதிப்பெண் வாங்கியவர், விலைக்கு வாங்கிய விடைக்கு எட்டு கிடைத்ததைப் பார்க்கும்போது அவர் மனதில் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். அப்படி மனம் கசந்து படிப்பை விட்ட ஒருவரை நான் அறிவேன். அவருக்கு அறிவும் குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை.

படிக்கப்படும் என்று தெரிந்தால் எழுதுவார்கள். "இரண்டாம் பக்கத்தில் நீங்கள் சொன்ன உதாரணம் நன்றாக இருக்கிறது, இது உங்கள் அலுவலக அனுபவமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், அடுத்த முறை கடையில் வாங்கிய விடையை அவருக்கு அனுப்பப் பெரும்பாலானவர்களுக்குக் கை வராது. கண்காணிப்பு மென்பொருள் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செய்யும்.

செலவைப் பற்றிய உங்கள் பதில் எனக்குத் தெரியும். பாடநூல் எழுதுவது ஒரு தடவைச் செலவு. பத்தாயிரம் பேர் சேர்ந்தாலும் ஒரு லட்சம் பேர் சேர்ந்தாலும் எழுதிய செலவு அதேதான். காணொளிக்கும் அப்படியே. திருத்துகிற செலவு மட்டும் ஒவ்வொரு மாணவரோடும் கூடிக்கொண்டே போகும். ஆகவே சிக்கனம் என்று வரும்போது கணக்காளரின் விரல் முதலில் தொடுவது அதைத்தான். நிதிநிலை அறிக்கையைப் பார்க்கிறவருக்கு அது நியாயமாகவும் படும். ஆனால் தொலைநிலைக் கல்வியில் மாணவர் ஒரு மனிதரைச் சந்திக்கும் இடம் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். வேரை வெட்டி மிச்சம்பிடித்த பணத்தில் இலைக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல இருக்கிறது இந்தச் சிக்கனம். தொலைநிலைப் பிரிவில் வரும் கட்டணத்தைக்கொண்டு வளாகத்தின் மற்றச் செலவுகளை ஈடுகட்டும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. நாங்கள் கட்டிய பணத்தில் ஒரு பங்கு எங்கள் தாளைப் படிக்கிறவருக்குப் போகட்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

திருத்துகிறவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஒரு கட்டு தாளைக் கொடுத்து, இரண்டு நாளில் முடித்துத் தா, தாளுக்கு இவ்வளவு என்று சொன்னால் யாரால் கருத்து எழுத முடியும்? அவர்களில் பலர் மனம்விட்டு எழுதத் தெரிந்தவர்கள், எழுத விரும்புகிறவர்கள். ஒருவருக்கு எத்தனை தாள் என்பதற்கு உச்சவரம்பு வையுங்கள். கருத்து எழுதிய தாளுக்கு எழுதாத தாளைவிடக் கூடுதல் ஊதியம் கொடுங்கள். தேர்வுக்கு முன்பே தாள் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். தேர்வு முடிந்த பிறகு வரும் அறிவுரையால் யாருக்கும் பயனில்லை. பெரும்பாலான பாடங்களில் 30 விழுக்காடு அசைன்மென்ட்டுக்கும் 70 விழுக்காடு தேர்வுக்கும் என்று பிரித்திருக்கும் இடங்களில், அந்த முப்பது எதற்காக வைக்கப்பட்டது? தேர்வறைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை தவறு செய்து, திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுப்பதற்காகத்தானே?

இயந்திரம் திருத்தட்டும் என்ற யோசனை இப்போது வேகமாக வருகிறது. எழுத்துப்பிழை, வாக்கியப் பிழை, மேற்கோள் காட்டும் முறை இவற்றையெல்லாம் மென்பொருள் பார்க்கலாம். அதில் எனக்கு மறுப்பு இல்லை, திருத்துகிறவரின் நேரம் மிச்சமாகும். அந்த மிச்ச நேரத்தை அவரிடமே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மென்பொருள் எழுதிய கருத்தை ஆசிரியர் எழுதியதாகக் காட்டி அனுப்பாதீர்கள். வாழ்க்கையில் நாலு பேரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். வார்ப்பில் ஊற்றிய பாராட்டு எங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த கணத்தில், தாளை யாரும் படிக்கவில்லை என்ற பழைய முடிவுக்கே திரும்பிப் போய்விடுவோம்.

"இந்த வயதில் தலையில் ஏறுமா" என்பதற்கும் ஒரு சொல். உறவினர் கேட்பது போகட்டும். உங்கள் அலுவலகக் கவுன்ட்டரிலேயே சிலர் கேட்கிறார்கள். புதுப் புதிரை வேகமாக அவிழ்க்கும் திறனையும், சேர்ந்த அறிவையும் சொல்வளத்தையும் கொண்டு சிந்திக்கும் திறனையும் உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார். முன்னது இளமைக்குப் பின் மெல்லக் குறையும். பின்னது நடுவயதைத் தாண்டியும் வளரும், நிற்கும். சமூகவியல், வரலாறு, சட்டம், மேலாண்மை போன்ற பாடங்களில் எங்களுக்கு இருபது வயதுக்காரரிடம் இல்லாத கைமுதல் இருக்கிறது. கூலி, வரி, வட்டி, மரணம், வாரிசுச் சண்டை எல்லாம் பார்த்தவர்கள் நாங்கள். அந்த அனுபவத்தைப் பாடத்தின் மொழியில் சொல்லத்தான் தெரியாது. அதைச் சொல்லித்தருவதும் அந்த நான்கு வரிதான்.

தயவுசெய்து தரத்தைக் குறைத்துவிடாதீர்கள். வயதானவர்கள், பாவம், போட்டுவிடுவோம் என்று கொடுக்கும் மதிப்பெண் எங்களுக்கு வேண்டாம். பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கும் பொறுப்பை ஏற்ற அமைச்சர் ஜெனி லீ, ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். உழைப்பாளிகளுக்கென்று ஒரு இரண்டாந்தர ஏற்பாடு செய்ய அவர் சம்மதிக்கவில்லை. சேர முன்தகுதி எதுவும் கேட்கக் கூடாது, பெறும் பட்டம் மற்ற எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் குறைந்ததாக இருக்கக் கூடாது என்ற இரண்டிலும் உறுதியாக நின்றார். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் 22ஆவது விதி, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொலைநிலைப் பட்டத்தை நேரடி வகுப்புப் பட்டத்துக்கு இணையாக வைக்கிறது. சட்டம் கொடுத்த இந்தச் சமத்துவத்தை வேலைக்கு ஆள் எடுக்கிறவர் மனதிலும் ஏற்ற வேண்டுமானால், தாளைப் படித்துக் கடுமையாகத் திருத்துங்கள். தவறென்றால் தவறென்று எழுதுங்கள். ஏன் தவறு என்றும் சேர்த்து எழுதுங்கள்.

உங்களில் சிலர் சேர்க்கை விளம்பரங்களில் நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சொல்கிறீர்கள். சிறைக்குள் இருந்தபடி தபால் வழியில் படித்து, 1989இல் யூனிசாவில் சட்டப் பட்டம் பெற்றவர் அவர். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் அவருக்கு இருந்த மன உறுதி எல்லாருக்கும் இருக்கும் என்று எதிர்பார்த்து ஒரு கல்விமுறையை நடத்த முடியாது. சாதாரண உறுதியோடு வருகிற சாதாரண ஆளும் முடித்துவிட்டுப் போகும்படி அது அமைய வேண்டும்.

அதனால்தான் இன்னொன்றையும் இதோடு சேர்த்துக் கேட்கிறேன். முதல் அசைன்மென்ட் வராமல்போனால், அந்த வாரமே ஒருவர் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். குறுஞ்செய்தி போதாது. எங்கள் வயதில் படிப்பு நின்றுபோவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மருத்துவமனை இருக்கும், ஒரு கல்யாணம் இருக்கும், ஒரு இடமாற்றம் இருக்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வர முடியும். திரும்பி வரலாம் என்று சொல்ல ஆள் இருந்தால் வருவார்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் பட்டத்தை முடிக்க 16 ஆண்டுவரை அவகாசம் உண்டு. இந்தியாவில் 2021இல் ஏற்படுத்தப்பட்ட கிரெடிட் வங்கி, ஒருவர் பெற்ற கிரெடிட்டைச் சேமித்துவைத்து வேறிடத்தில் தொடர வழி செய்கிறது. விதிகள் இருக்கின்றன. படிப்பை நிறுத்திய பலருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அபராதம், மறுபதிவு, புதிய பாடத்திட்டம் என்று பயந்து தூரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

அடுத்த சேர்க்கைக்கான கையேட்டை அச்சுக்கு அனுப்பப்போகிறீர்கள். துணைவேந்தரின் வாழ்த்துரைக்கும் கட்டண அட்டவணைக்கும் நடுவே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அசைன்மென்ட்டைத் திருத்துகிறவரின் கல்வித் தகுதி, ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் தாள்களின் உச்ச எண்ணிக்கை, எத்தனை நாளில் கருத்தோடு தாள் திரும்பி வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதை அந்தப் பக்கத்தில் போடுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று கேட்டு ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். இனி அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, அதில் சொன்னபடி நடக்கும் இடத்தின் பெயரைத்தான் அவர்களுக்குச் சொல்லப்போகிறேன்.

மிகுந்த மரியாதையுடன்,
நடுவயதில் பட்டம் பெற்ற ஒரு மாணவி